நிலக்கரிக் கழிவு மேடுகளும் மண் மூடிகளும்

நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வெளியே வருவதெல்லாம் நிலக்கரி அல்ல. கரிப் படுகைக்கு மேலும் கீழும் இடையிலும் உள்ள களிப்பாறை, மணற்பாறை, கரி கலந்த கல் ஆகியவையும் சேர்ந்தே வெட்டியெடுக்கப்படுகின்றன. கரியைக் கழுவித் தரம் பிரிக்கும் ஆலைகள் கல்லையும் தூளையும் ஒதுக்கித் தள்ளுகின்றன. சுமந்து செல்லும் செலவை மிச்சப்படுத்த இவையனைத்தும் சுரங்கத்தின் அருகிலேயே கொட்டப்பட்டு, நாளடைவில் சிறு குன்றுகளாகிவிடுகின்றன. அந்தக் கல்லில் கந்தகம் மிகுதியாக இருந்தால், மழையும் காற்றும் உள்ளே புகுந்து, குன்றின் அடியிலிருந்து செம்மஞ்சள் நிற அமில நீர் வடியத் தொடங்கும். சுரங்கத்தை மூடிவிட்டுப் போன பிறகும் பல பத்தாண்டுகளுக்கு அது வடிந்துகொண்டே இருக்கும். இந்த வடிநீரைக் குறைப்பதற்காகக் குன்றின் மேல் திட்டமிட்டுப் பரப்பும் மண் அடுக்கை அல்லது அடுக்குகளை மண் மூடி என்கிறார்கள்.

"மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள்" என்று பேச்சு வழக்கில் சொன்னால், ஒரு காரியத்தை மறைத்து முடித்துவிட்டார்கள் என்று பொருள். மண் மூடியை அப்படி எண்ணிக்கொள்வதால்தான் பல இடங்களில் அது பயனற்றுப் போகிறது. உள்ளே இருக்கும் நஞ்சை மூடி அழிப்பதில்லை. நீரும் காற்றும் அதனிடம் போய்ச் சேராமல் தடுத்துவைக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு தடுக்கிறது, எத்தனை காலம் தடுக்கிறது என்பவற்றைப் பொறுத்தே அதன் மதிப்பு அமைகிறது.

கல்லுக்குள் இருக்கும் அமிலம்

குற்றவாளி பைரைட்டு என்னும் கனிமம். ஓர் இரும்பு அணுவுடன் இரண்டு கந்தக அணுக்கள் சேர்ந்தது, பித்தளைபோல் மின்னும். நிலக்கரியாக மாறிய பழங்காலச் சதுப்புக் காடுகளில் கடல்நீர் ஏறிய இடங்களில், கடல்நீரில் இருந்த சல்பேட்டை நுண்ணுயிர்கள் சல்பைடாக மாற்றின. அது சேற்றிலிருந்த இரும்புடன் சேர்ந்து பைரைட்டு ஆயிற்று. இதனால், கடலின் தொடர்பில் உருவான கரிப் படுகைகளில் கந்தகம் கூடுதலாகவும், நன்னீர்ச் சதுப்பில் உருவானவற்றில் குறைவாகவும் இருப்பது பொதுவான இயல்பு.

மண்ணுக்கு அடியில் புதைந்திருக்கும் வரையில் பைரைட்டால் தொல்லையில்லை. உடைத்து வெளியே கொட்டும்போதுதான் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நீரும் அதைத் தொடுகின்றன. பைரைட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் மாறுகிறது. கரைந்த இரும்பு மேலும் ஆக்சிஜனை ஏற்று ஃபெர்ரிக் இரும்பு ஆகும். அந்த ஃபெர்ரிக் இரும்பு திரும்பி வந்து பைரைட்டையே தாக்கும். இந்தச் சுழற்சி தொடங்கிவிட்டால் வேகம் பிடிக்கும். அமிலம் கூடிய நீரில் இரும்பு இரண்டாம் நிலைக்கு மாறுவது இயல்பாக மிக மெதுவானதுதான். ஆனால் அமிலத்தையே வீடாகக் கொண்ட ஒருவகை பாக்டீரியா அதைப் பல மடங்கு விரைவுபடுத்துகிறது. இந்த பாக்டீரியா 1947 ஆம் ஆண்டில் அமெரிக்க நிலக்கரிச் சுரங்க வடிநீரில்தான் கண்டறியப்பட்டது. அதற்கு முன்பு, இது வெறும் வேதி வினை என்றே கருதப்பட்டு வந்தது.

வடிநீர் ஓடையில் கலந்ததும் இரும்பு துருப்போலப் படிந்து, கற்களையும் மணலையும் மஞ்சளும் சிவப்புமாகப் பூசிவிடுகிறது. மீன் முட்டையிடும் கல்லிடுக்குகள் அடைபடுகின்றன. அமிலம் பாறையிலிருக்கும் அலுமினியம், மாங்கனீசு போன்றவற்றையும் கரைத்துக்கொண்டு வருகிறது. பிஎச் மதிப்பு 4-க்குக் கீழே இறங்கிய ஓடையில் பெரும்பாலான மீன்கள் வாழ முடியாது. அந்த நீர் குடிக்கவும் ஆகாது, வயலுக்கும் ஆகாது.

அளவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போடலாம். ஒரு டன் கழிவுக் கல்லில் 1 விழுக்காடு பைரைட்டுக் கந்தகம் இருப்பதாகக் கொள்வோம். அதாவது 10 கிலோ. 32 கிராம் கந்தகம் முழுவதும் கந்தக அமிலமானால் அதை நடுநிலையாக்க 100 கிராம் சுண்ணாம்புக்கல் தேவை. ஆகவே 10 கிலோ கந்தகத்துக்கு 31.25 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும். பத்து லட்சம் டன் கழிவு கிடக்கும் ஒரு மேட்டுக்கு இது 31,250 டன் ஆகிறது. கழிவுக் கல்லிலேயே இயற்கையாகப் போதிய சுண்ணாம்பு இருந்தால் அமிலம் வெளியே தலைகாட்டாது. இல்லாத இடத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து கலப்பது எளிதல்ல என்பது இந்த எண்ணிலிருந்தே தெரியும். அப்போதுதான் மூடியைப் பற்றிய பேச்சு எழுகிறது.

மூன்று சோதனைக் குழாய்கள்

இரும்பு ஆணி துருப்பிடிக்கும் சோதனையைப் பள்ளியில் செய்யாதவர்கள் குறைவு. முதல் குழாயில் ஆணி, தண்ணீர், காற்று மூன்றும் இருக்கும், ஆணி துருப்பிடிக்கும். இரண்டாவதில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், அதன்மேல் ஓர் எண்ணெய்ப் படலம். ஆணி நீரில் மூழ்கியிருந்தாலும் காற்று கிடைக்காததால் துருப்பிடிக்காது. மூன்றாவதில் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு. காற்று இருந்தாலும் ஈரம் இல்லாததால் துருப்பிடிக்காது.

கழிவு மேடு முதல் குழாய். மூடி போடுபவர் அதை இரண்டாவது குழாயாகவோ மூன்றாவது குழாயாகவோ மாற்ற முயல்கிறார். ஓயாமல் மழை பெய்யும் ஊரில் இரண்டாவது வழி: மண் அடுக்கை எப்போதும் ஈரமாக வைத்துக் காற்றைத் தடுப்பது. வறண்ட ஊரில் மூன்றாவது வழி: மழைநீர் கழிவைச் சென்றடையாமல் பார்த்துக்கொள்வது. எந்த ஊருக்கு எந்த வழி என்பதைத் தீர்மானிப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் கேள்வி.

ஈரமான மண் காற்றை எப்படித் தடுக்கும்? ஆக்சிஜன் காற்றில் விரவுவதைக் காட்டிலும் நீரில் விரவுவது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவானது. மண்ணின் துளைகளில் சுமார் 85 விழுக்காட்டுக்கு மேல் நீர் நிரம்பியிருந்தால், காற்று செல்வதற்குத் தொடர்ச்சியான வழி இல்லாமல் போகிறது. இன்னொரு கணக்கும் உண்டு. பைரைட்டு முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைய, கிட்டத்தட்டத் தன் எடைக்குச் சமமான ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 275 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் சாதாரண நீரில் கரைந்திருப்பதோ 8 மில்லிகிராம் அளவுதான். அதாவது ஒரு லிட்டர் நீர் தான் சுமந்துவரும் ஆக்சிஜனைக் கொண்டு 8 மில்லிகிராம் பைரைட்டை மட்டுமே கெடுக்க முடியும். மழைநீர் தனியாகச் செய்யும் கேடு சிறிது. காற்று உண்டாக்கிய அமிலத்தை வெளியே சுமந்து செல்வதுதான் நீரின் பெரிய வேலை. ஒன்று சமையற்காரர், மற்றொன்று பரிமாறுபவர் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

மூடிகளின் வகைகள்

மிக எளியது ஒற்றை அடுக்கு. பக்கத்தில் கிடைக்கும் மண்ணை ஒரு மீட்டர் அளவுக்குப் பரப்பிப் புல் விதைப்பது. அமெரிக்காவில் 1977 ஆம் ஆண்டின் மேற்பரப்புச் சுரங்கச் சட்டத்தின்கீழ் வகுத்த விதிகள், நிலக்கரிக் கழிவு மேட்டைக் குறைந்தது 4 அடி, அதாவது சுமார் 1.2 மீட்டர் கனத்துக்கு, நஞ்சில்லாத, தீப்பற்றாத பொருளால் மூட வேண்டும் என்கின்றன. தீப்பற்றாத என்ற சொல் காரணமாகத்தான் இருக்கிறது. கரித்தூள் கலந்த கழிவு, காற்றுப் பட்டால் தானாகச் சூடேறிப் புகையத் தொடங்கும். 1916 முதல் எரிந்துகொண்டிருக்கும் ஜார்க்கண்டின் ஜாரியா நிலக்கரி வயலில் தீயை அடக்கும் முறைகளில் ஒன்று, மேற்பரப்பில் மண்ணைப் பரப்பிக் காற்றை அடைப்பதே.

ஒற்றை அடுக்கு புழுதியையும் மண்ணரிப்பையும் தடுக்கும். செடி வளர இடம் தரும். மழை மிகுந்த ஊரில் நீரை அது பெரிதாகத் தடுக்காது.

அடுத்தது இறுக்கிய களிமண் அடுக்கு. ஏரிக்கரை போட்டவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. மண் சரியான ஈரத்தில் இருக்கும்போது திமிசு போட்டு இறுக்கினால் நீர் ஊடுருவுவது வெகுவாகக் குறையும். காய்ந்த மண்ணையோ சேற்றையோ இறுக்கிப் பயனில்லை. இன்று திமிசுக்குப் பதில் உருளை எந்திரம் ஓடுகிறது. ஆனால் களிமண்ணுக்கு ஒரு குணம் உண்டு. கோடையில் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். மூடியிலுள்ள களிமண்ணும் காய்ந்தால் வெடிக்கும். வெடித்த மூடி ஓட்டைப் பானைதான். ஆகவே களிமண்ணைத் திறந்தபடி விடாமல், அதன்மேல் செடி வேர் கொள்ளத்தக்க தடித்த மண் அடுக்கு ஒன்றைப் போட்டு ஈரத்தைக் காக்க வேண்டும். செலவை மிச்சம்பிடிக்க மேலடுக்கை மெலிதாக்கிவிட்டு, பிறகு களிமண்ணைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

மூன்றாவது வகை நுண்புழைத் தடுப்பு மூடி. மேலே நுண்ணிய மண், கீழே சரளை. நுண்ணிய மண்ணிலுள்ள நீர் தானாகக் கீழிருக்கும் சரளைக்குள் இறங்கிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் நனைந்த பஞ்சைக் கையில் தூக்கிப் பிடித்தால், நிரம்பி வழியும் வரை அது சொட்டுவதில்லை அல்லவா? அதேபோல், நுண்ணிய மண்ணின் நுண்புழைகள் நீரை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. சரளையின் பெரிய துளைகளுக்கு அதைப் பிடுங்கும் வலிமை இல்லை. இதனால் மேலடுக்கு எப்போதும் ஈரமாகவே நிற்கும், காற்றும் தடைபடும். கூடுதல் விலை கொடுக்காமல், இரண்டு வகை மண்ணை முறையாக அடுக்குவதாலேயே கிடைக்கும் பயன் இது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி.

நான்காவது, வறண்ட நாடுகளுக்கு உரிய சேமித்து வெளியிடும் மூடி. ஒன்றிரண்டு மீட்டர் கனமுள்ள வண்டல் கலந்த மண், மழையைத் தனக்குள் வாங்கிவைத்துக்கொள்ளும். பிறகு வெயிலும் செடிகளும் அதை வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். கழிவு காய்ந்தே கிடக்கும். இங்கே செடி அழகுக்காக அல்ல. அதுதான் நீரிறைக்கும் எந்திரம்.

கடைசியாக, உயரடர்த்தி பாலிஎத்திலீன் தாள் விரித்து அதன்மேல் மண் போடுவது. நீரையும் காற்றையும் ஒருங்கே தடுப்பதில் இதற்கு நிகர் மற்றவை இல்லை. விலை அதிகம்; தாள்களை ஒட்டும் இணைப்புகளில் கவனம் வேண்டும்; சரிவில் மேல்மண் வழுக்கி இறங்கும் ஆபத்தும் உண்டு.

கேப் பிரெட்டன் தீவின் அனுபவம்

ஒரே ஊரில், ஒரே மழையில், வெவ்வேறு மூடிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்கக் கனடாவின் நோவா ஸ்கோசியா மாகாணத்தில் ஓர் இடம் இருக்கிறது. கேப் பிரெட்டன் தீவிலுள்ள சிட்னி நிலக்கரி வயல்தான் அது. லூயிஸ்பர்க் கோட்டைக்கு வேண்டிய கரிக்காக 1720 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே வெட்டத் தொடங்கினார்கள். பின்னாளில் சுரங்கங்கள் கடலடிவரை நீண்டன. தனியார் நிறுவனங்கள் கைவிட்டபோது, 1967 இல் கனடா அரசு கேப் பிரெட்டன் வளர்ச்சிக் கழகம் என்ற பொதுத்துறை நிறுவனத்தை அமைத்து ஏற்று நடத்தியது. கடைசிச் சுரங்கம் 2001 இல் மூடப்பட்டது. வேலை போயிற்று; மேடுகள் அங்கேயே நின்றன.

அந்த ஊர்க் கரியில் கந்தகம் மிகுதி. ஆண்டு மழையும் பனியும் சேர்ந்து சுமார் 1,500 மில்லிமீட்டர். அமில வடிநீருக்கு இதைவிட ஏற்ற சூழல் வேண்டியதில்லை. இந்தப் பொறுப்பை ஏற்ற அரசு அமைப்பு பல கழிவு மேடுகளை மூடியது. பிராங்க்ளின் மேட்டில், பனியாறுகள் விட்டுச்சென்ற கலப்பு மண்ணாலான ஒற்றை அடுக்கு போடப்பட்டது. லிங்கன் மேட்டில் பாலிஎத்திலீன் தாளும் அதன்மேல் மண்ணும். விக்டோரியா ஜங்ஷன் மேட்டில் தாளுக்கும் மண்ணுக்கும் நடுவே, நீரைப் பக்கவாட்டில் வடித்துவிடும் சரளை அடுக்கு ஒன்றும் சேர்க்கப்பட்டது. மண்ணின் ஈரம், மேட்டுக்குள் உள்ள ஆக்சிஜன், நிலத்தடி நீரின் தரம் ஆகியவை ஆண்டுக்கணக்கில் அளக்கப்பட்டன.

ஒற்றை மண் அடுக்கின் வழியே மழையின் கணிசமான பங்கு உள்ளே இறங்கியது. தாள் போட்ட மூடிகள் மிகக் குறைவாகவே நீரை விட்டன. அவற்றிலும் வடிகால் அடுக்கு உள்ளதே மேலானதாக இருந்தது. தாளின்மேல் நீர் தேங்கி நிற்காமல் போனதே காரணம். வீட்டு மொட்டைமாடியில் நீர் தேங்கினால் எங்காவது ஒழுகும். சாய்வு கொடுத்து வடித்துவிட்டால் ஒழுகாது. அதே கதைதான்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் கற்பனையான ஒரு மேட்டை வைத்துப் பார்க்கலாம். பரப்பு 20 ஹெக்டேர், ஆண்டு மழை 1,500 மில்லிமீட்டர் என்றால் அதன்மேல் விழும் நீர் 30 கோடி லிட்டர். மூடியில்லாத மேட்டில் இதில் 40 விழுக்காடு உள்ளே இறங்குவதாகக் கொண்டால் 12 கோடி லிட்டர் அமில நீர் உருவாகும். நல்ல மூடி போட்டு 5 விழுக்காடாகக் குறைத்தால் 1.5 கோடி லிட்டர். அடியில் நீரைச் சுத்திகரிக்க ஆலை வைத்திருப்பவருக்கு, சுண்ணாம்புச் செலவிலும் சேற்றை அகற்றும் செலவிலும் இதன் பொருள் உடனே புரியும்.

ஆனால் மூடி போட்ட மறுநாள் ஓடை தெளிந்துவிடவில்லை. மேட்டுக்குள் அதற்கு முன்பே உண்டான அமிலமும், அதில் கரைந்தும் உப்பாகப் படிந்தும் கிடக்கும் உலோகங்களும் இன்னும் இருக்கின்றன. உள்ளே தங்கியுள்ள நீர் மெல்ல மெல்ல வடியும்போது அவையும் வடிகின்றன. அடியிலுள்ள நிலத்தடி நீர் தேறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். பல ஆண்டுகள் திறந்து கிடந்த மேட்டை மூடுவதற்கும், கொட்டக் கொட்டவே மூடிக்கொண்டு வருவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னதில் மூடியோடு சுத்திகரிப்பு ஆலையும் வேண்டும். பின்னதில் ஆலை தேவைப்படாமலே போகலாம்.

மூடியால் ஆகாதவை

மூடி மேலிருந்து வரும் நீரைத்தான் தடுக்கும். அடியில் ஊற்று இருந்தால் அதற்கு ஒன்றும் செய்ய இயலாது. வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் ஊரில் நிலக்கரிக் கழிவு மேடு ஒன்று ஊற்றுகளின் மேல் எழுப்பப்பட்டிருந்தது. 1966 அக்டோபர் 21 காலை அது சரிந்து இறங்கிப் பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். அங்கு நேர்ந்தது அமிலத்தால் வந்த கேடு அல்ல, சரிவு. என்றாலும் மேட்டை எங்கே எழுப்புவது என்ற முடிவு, எதனால் மூடுவது என்பதற்கு முந்தியது என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. செங்குத்தாகக் கொட்டிய மேட்டை முதலில் சாய்வாக்கி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டி, வெளிநீர் வராமல் திருப்பிவிட்ட பிறகே மூடி போட வேண்டும். சரிவு அதிகமிருந்தால் முதல் பெருமழையிலேயே மூடி ஓடைக்குள் போய்விடும்.

மூடிகள் மூப்படையவும் செய்கின்றன. ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்சிப்பகுதியிலுள்ள ரம் ஜங்கிள் இதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று. அது யுரேனியச் சுரங்கம், நிலக்கரி அல்ல. ஆனால் தொல்லை தந்தது அதே சல்பைடுக் கழிவுதான். 1980-களின் நடுவில் அங்கே களிமண், அதன்மேல் மணல் கலந்த மண், அதன்மேல் சரளை என மூன்றடுக்கு மூடி போடப்பட்டது. மழையில் 5 விழுக்காட்டுக்கு மேல் உள்ளே இறங்கக் கூடாது என்பது இலக்கு. முதல் சில ஆண்டுகள் இலக்கு நிறைவேறியது. ஏறத்தாழ பத்தாண்டு கழித்து இறங்கும் நீர் அந்த அளவைத் தாண்டியது. மூடி மெலிதாக இருந்ததும், வறண்ட பருவத்தில் களிமண் காய்ந்ததும், வேர்களும் கறையான்களும் துளைத்ததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

மரம் நடுவதைப் பற்றி இங்கே ஒரு சொல். சுரங்க மேடுகளில் மரக்கன்று நடும் விழா நடக்காத ஆண்டு இல்லை. சேமித்து வெளியிடும் மூடியில் மரம் உதவி செய்யும். மெல்லிய களிமண் மூடியிலோ, ஆழமாக வேர்விடும் மரம் ஆணி அடித்ததுபோல் துளை போடும். காற்றில் சாய்ந்தால் மூடியையும் பெயர்த்துக்கொண்டு விழும். எங்கே புல், எங்கே மரம் என்று கேட்டறிந்து நடுவது நல்லது. பசுமையாகத் தெரியும் மேட்டின் அடியிலும் அமில நீர் வடிந்துகொண்டிருக்கலாம்.

இந்திய நிலை

இந்தியாவின் பெரும்பகுதி நிலக்கரி, ஜாரியா, ராணிகஞ்ச், சிங்கரேணி போன்ற கோண்டுவானாப் படுகைகளைச் சேர்ந்தது. இதில் கந்தகம் பொதுவாக 1 விழுக்காட்டுக்கும் குறைவு. அங்கே மேடுகளின் முதன்மைத் தொல்லை அமிலத்தைவிடத் தீயும் புழுதியும் மண்ணரிப்புமே. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள மண்மேடுகளும் அப்படித்தான்: அடியாழத்திலிருந்து வந்த சத்தற்ற மணலும் களியும் மேலே கிடப்பதால் பயிர் பிடிப்பதில்லை. அங்கெல்லாம் மூடி என்பதன் முதல் பொருள், வெட்டும்போதே மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்துத் திரும்பப் பரப்புவது. மேல்மண்ணை நெடுங்காலம் உயரமாகக் குவித்து வைத்தால் அதிலுள்ள உயிர்கள் மடிந்து அதுவும் வெறும் மண்ணாகிவிடும். எடுத்த கையோடு பரப்புவதே சிறப்பு.

வடகிழக்கு மாநிலங்களின் கதை வேறு. அசாமின் மாக்கும் வயலிலும் மேகாலயாவின் ஜைந்தியா மலைகளிலும் கிடைக்கும் இளைய கரியில் கந்தகம் மிகுதி. அதில் பெரும்பங்கு கரியோடு பிணைந்த கரிமக் கந்தகம்தான். மீதியுள்ள பைரைட்டே ஓடைகளைக் கெடுக்கப் போதுமாக இருக்கிறது. ஜைந்தியா மலைகளில் எலிவளைச் சுரங்கங்களிலிருந்து எடுத்த கரியும் கழிவும் திறந்த வெளியிலும் சாலையோரத்திலும் குவிக்கப்பட்டன. உலகிலேயே அதிக மழை பெய்யும் பகுதிகளுள் ஒன்று அது. ஆறுகள் அமிலமாயின, மீன்கள் மறைந்தன, லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீலநிறமாக மாறுவது செய்தியானது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் எலிவளைச் சுரங்க முறைக்குத் தடை விதித்தது. தடை புதிய கழிவைக் குறைக்கலாம். ஏற்கெனவே சிதறிக் கிடப்பதை மூடுவதற்கு முதலில் அதை ஓரிடத்தில் சேர்த்தாக வேண்டும். நூற்றுக்கணக்கான சிறு குழிகளின் வாயில் சிதறிக் கிடப்பதற்கு ஒரு மூடி என்று எதையும் வரைய முடியாது.

வேறு நாட்டு வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து போடுவதிலும் ஓர் இடர் இருக்கிறது. நம் நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதங்களில் கொட்டிவிடுகிறது. சேமித்து வெளியிடும் மூடி அவ்வளவையும் வாங்கிக்கொள்ள இயலாமல் நிரம்பி வழியும். காற்றைத் தடுக்க ஈரத்தை நம்பும் மூடியோ ஏப்ரல், மே வெயிலில் காய்ந்து வெடிக்கும். ஆண்டில் பாதி நாள் ஒரு குழாய், மீதி நாள் மற்றொரு குழாய் என்ற நிலை. மழைக்காலத்தில் நீரை விரைவாக வடிக்கும் சாய்வும் சரளையும், கோடையில் களிமண்ணைக் காக்கும் தடித்த மேலடுக்கும் இரண்டுமே இங்கு வேண்டும். ரம் ஜங்கிளின் மழையும் இதே போக்கில் பெய்வதுதான். அந்த அனுபவம் கனடாவின் அனுபவத்தைவிட நமக்கு நெருக்கமானது.

பராமரிப்பும் பணமும்

மூடி போடுவது ஒருமுறைச் செலவு என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். மண் அதைக் கேட்பதில்லை. ஆண்டுதோறும் மழை முடிந்ததும் மேட்டைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். அரித்த பள்ளங்களை நிரப்புவது, எலியும் பெருச்சாளியும் தோண்டிய வளைகளை அடைப்பது, வேண்டாத மரக்கன்றுகளைப் பிடுங்குவது, வாய்க்காலில் சேர்ந்த மண்ணை வாருவது, அடியில் வடியும் நீரின் அளவையும் பிஎச் மதிப்பையும் குறித்துவைப்பது ஆகியவை அன்றாட வேலைகள். மலைக்க வைக்கும் செலவு இல்லை. ஆனால் உள்ளே பைரைட்டு இருக்கும்வரை செய்தாக வேண்டிய வேலை.

அமெரிக்கச் சட்டம் இதற்கு இரண்டு வழி வைத்தது. 1977-க்குப் பின் வெட்டுபவர் தம் செலவிலேயே சீர்செய்ய வேண்டும். அதற்கு முன் கைவிடப்பட்ட இடங்களுக்காக, வெட்டும் ஒவ்வொரு டன் கரிக்கும் ஒரு கட்டணம் வசூலிக்கப்படும். திறந்தவெளிச் சுரங்கக் கரிக்கு டன்னுக்கு 35 செண்ட் என்று அது தொடங்கியது. இந்தியாவில் நிலக்கரி அமைச்சகம் 2009 இல் சுரங்க மூடல் திட்ட வழிகாட்டுதல்களை வெளியிட்டது. சுரங்கம் இயங்கும்போதே ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனிப் பொறுப்புக் கணக்கில் செலுத்த வேண்டும். மூடும் பணி நடக்க நடக்க அது விடுவிக்கப்படும். அப்போதைய விலையில் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய், நிலத்தடிச் சுரங்கத்துக்கு 1 லட்சம் ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. வெட்டுகிறவரின் கையில் பணம் இருக்கும்போதே வாங்கிவைப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் கணக்கு முடிக்கப்பட்டு மீதித் தொகை திரும்பிப் போகும் காலம், மூடல் பணிக்குப் பின் ஒரு சில ஆண்டுகளே. களிமண் மூடி வெடிக்கத் தொடங்குவது அதற்குப் பிறகு.

கேப் பிரெட்டனில் சுரங்கக் கழகத்திடமிருந்து மேடுகளைப் பெற்ற அமைப்பும் 2014 இல் கலைக்கப்பட்டது. பொறுப்பு நேரடியாகக் கனடாவின் நடுவண் அரசுத் துறைக்குப் போனது. மேடுகளுக்கு உரியவர் மாறிக்கொண்டே வந்தாலும், அடியில் வடியும் நீரை அளக்கும் வேலை விடாமல் தொடர்ந்தது. அந்த ஊர் மூடிகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்த அளவீடுகளிலிருந்து கிடைத்ததே.